பிஸ்டல் பிடி செதுக்கல்

போட்டிப் பிஸ்டலின் மரப் பிடியை வீரர் தம் உள்ளங்கைக்கேற்பத் திருத்தும் கைவேலை. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் வீரர்களிடையே பரவலானது. பிடிகள் பெரும்பாலும் வால்நட் மரத்தில், சில அளவுகளில் மட்டுமே விற்பனைக்கு வருகின்றன; கைகள் அந்த அளவுகளுக்குள் அடங்குவதில்லை.

அழுத்தும் இடத்தை அரத்தால் தேய்ப்பார்கள். இடைவெளி விழும் இடத்தில் மரப் புட்டியை அப்பி, இறுகுமுன் கையால் பற்றி அச்செடுப்பார்கள். காய்ந்ததும் உப்புத்தாள் போடுவார்கள். கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறக்கும்போது முன்குறியும் பின்குறியும் தாமாகவே நேர்ப்பட வேண்டும். இதைவிட நல்ல சோதனை இல்லை. விசையை இழுக்கும் விரல் மரத்தில் உரசக் கூடாது. உரசினால் இழுப்பு பக்கவாட்டில் திரும்பும். வெயிலில் கை சற்று உப்பும் என்பதால், அவசரப்படாமல் பல நாட்களில் சிறிது சிறிதாகத் தேய்ப்பதே முறை. தேய்த்த மரம் திரும்பாது.

சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. ஏர் பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. போட்டிக்கு முன் இவை அளந்து பார்க்கப்படும்.