எங்கள் மீதே வரி போடுங்கள்!

1933 பிப்ரவரியில், ஒரே வாரத்தில், இரண்டு வங்கியாளர்கள் வாஷிங்டனில் செனட் குழுக்களின் முன் சாட்சி சொல்ல வந்தார்கள். 21-ம் தேதி வந்தவர் சார்லஸ் மிட்செல். நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கியை ஆண்டுகொண்டிருந்தவர். அவர் வாய் திறந்தால் பங்குச் சந்தை காது கொடுத்துக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. ஃபெர்டினாண்ட் பெக்கோரா என்ற வழக்கறிஞர் கிண்டக் கிண்ட, ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பங்குகளைத் தன் மனைவிக்கே நஷ்டத்துக்கு விற்றதாகக் கணக்குக் காட்டி, 1929-ம் வருடத்துக்கு வருமான வரியே கட்டாமல் தப்பித்திருக்கிறார் மனிதர். சில நாட்களிலேயே பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

24-ம் தேதி செனட்டின் நிதிக்குழு முன்பு உட்கார்ந்தவரை நியூயார்க்கில் அதிகம் பேருக்குத் தெரியாது. மாரினர் எக்கிள்ஸ். வயது 42. மேற்கே யூட்டா மாநிலத்துக்காரர். அந்த ஊர்க் கணக்கில் பெரும் கோடீஸ்வரர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: எங்களைப் போன்றவர்களின் வருமானத்தின் மீதும், எங்கள் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் சொத்தின் மீதும் நன்றாக வரி போடுங்கள். அந்தப் பணம் இல்லாதவர்கள் கைக்குப் போகட்டும். போகாவிட்டால் நாங்களும் பிழைக்க மாட்டோம்.

சென்ற வாரம் ஆண்ட்ரூ மெல்லனின் கதையைப் பார்த்தோம். பிட்ஸ்பர்க் வங்கியாளராக இருந்து 1921-ல் நிதியமைச்சராகி, 73 சதவீதமாக இருந்த உச்ச வருமான வரியை 25 சதவீதத்துக்கு இறக்கியவர் அவர். பணக்காரர்களின் வரியைக் குறைத்தால் அந்தப் பணம் தொழிலாக மாறி எல்லோருக்கும் வந்து சேரும் என்பது மெல்லனின் நம்பிக்கை. எக்கிள்ஸும் முப்பது வயது தாண்டியும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தார். நம்பாமல் எப்படி இருக்க முடியும்? அவர் வளர்ந்த வீடு அப்படி.

அப்பா டேவிட் எக்கிள்ஸ், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வறுமையில் வாடிய குடும்பத்துப் பையன். கண்பார்வை மங்கிய ஒரு மரக்கடைசல்காரரின் மகன். 1863-ல் மார்மன் சபையார் கொடுத்த உதவியில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர், மரம், சர்க்கரை, ரயில், வங்கி என்று யூட்டாவின் பெரும் செல்வர்களில் ஒருவரானார். அன்றைய மார்மன் வழக்கப்படி இரண்டு மனைவிகள், 21 பிள்ளைகள். இரண்டாம் மனைவியின் மூத்த மகன் மாரினர். கடன் வாங்காதே, செலவைக் குறை, மிச்சத்தைத் தொழிலில் போடு என்பதே வீட்டில் கேட்ட பாடம். உயர்நிலைப் படிப்போடு பள்ளியும் முடிந்தது. 1912-ல் அப்பா திடீரென்று இறந்தபோது மாரினருக்கு 22 வயது. இளையதாரத்துக் குடும்பத்தின் பங்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பெனியாகச் சேர்த்தார். 1928-ல் தம்பி ஜார்ஜ், துப்பாக்கித் தயாரிப்புக்குப் பேர்போன பிரௌனிங் குடும்பத்தார் ஆகியோருடன் சேர்ந்து, பல வங்கிகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்த ஃபர்ஸ்ட் செக்யூரிட்டி கார்ப்பரேஷனைத் தொடங்கினார். ஹூவர் அணையைக் கட்டிய ஆறு கம்பெனிகளில் இவர்களுடைய யூட்டா கன்ஸ்ட்ரக்ஷனும் ஒன்று.

அந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்த்தது 1931. யூட்டாவின் ஆக்டன் நகரில் எக்கிள்ஸின் வங்கிக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு வங்கி மறுநாள் காலை கதவு திறக்கப்போவதில்லை என்ற செய்தி அவருக்கு முன்கூட்டியே கிடைத்தது. பக்கத்து வங்கி மூடினால் கூட்டம் தன் வாசலுக்குத்தான் வரும். தன் ஆட்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்: யாருக்கும் இல்லை என்று சொல்லாதீர்கள். முகத்தில் பதற்றம் தெரியக் கூடாது. ஆனால் ஒவ்வொருவர் கையெழுத்தையும், தெரிந்தவராகவே இருந்தாலும், அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சின்ன நோட்டாக எண்ணிக் கொடுங்கள். மெதுவாக.

காலையில் கூட்டம் நெருக்கியது. அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கு சால்ட் லேக் சிட்டியில் இருந்த கிளையிலிருந்து கவச வண்டியில் பணம் வந்து இறங்கியது. எக்கிள்ஸ் கவுன்டர் மீது ஏறி நின்று, மூன்று மணிக்கு மூட மாட்டோம், கடைசி ஆள் போகும்வரை திறந்திருக்கும் என்றார். இதோ பணம் வந்துவிட்டது, வந்த இடத்தில் இன்னும் நிறைய இருக்கிறது என்றும் சொன்னார். அது உண்மைதான். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் தன் வங்கிக்குக் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. இந்தச் சாமர்த்தியத்தைப் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். மறுநாள் உத்தரவைத் தலைகீழாக மாற்றினார்: வேகமாகக் கொடுங்கள், வரிசை சேரவே விடாதீர்கள். வங்கி தப்பித்தது. 1930-களின் அந்தப் பொருளாதார மந்தக் காலம் முழுவதிலும் அவருடைய வங்கிகளில் பணம் போட்ட யாருக்கும் நஷ்டம் வரவில்லை.

ஊரே அவரைக் கொண்டாடியது. அவருக்கோ உறுத்தல். தன் வங்கியைக் காப்பாற்ற என்ன செய்தார்? பழைய கடன்களை நெருக்கி வசூலித்தார், புதுக் கடனை நிறுத்தினார், அடமானச் சொத்துகளை விற்கும்படி வற்புறுத்தினார். நாட்டில் உள்ள ஒவ்வொரு வங்கியாளரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். விவசாயி ஆட்டையும் மாட்டையும் கிடைத்த விலைக்கு விற்றான். விலை இன்னும் விழுந்தது. அடுத்தவனின் அடமானமும் மதிப்பிழந்தது. தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் புத்திசாலி. சேர்த்துப் பார்த்தால் ஊரைக் கெடுக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. அப்பாவின் பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. வில்லியம் ஃபாஸ்டர், வாடில் கேச்சிங்ஸ் என்ற இருவரின் எழுத்துகளைத் தேடிப் படித்தார். மக்கள் கையில் வாங்கும் சக்தி இல்லாவிட்டால் உற்பத்தி நின்றுவிடும் என்று 1920-களிலேயே சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இதே கருத்தை முன்வைத்த பொருளாதார நிபுணர் கெய்ன்ஸின் புகழ்பெற்ற பொதுக் கோட்பாடு நூல் வெளிவந்தது 1936-ல். எக்கிள்ஸ் பேசியதோ அதற்கு மூன்று வருடம் முன்பு.

பின்னாளில் 1929-ன் வீழ்ச்சியை அவர் சீட்டாட்டத்தை வைத்து விளக்கினார். ஆட்டத்தில் பந்தயக் காய்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஓரிரண்டு பேரிடம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மற்றவர்கள் தொடர்ந்து ஆட வேண்டுமானால் ஜெயித்தவனிடமே கடன் வாங்க வேண்டும். கடன் நின்ற நிமிடம் ஆட்டமும் நின்றுவிடும். ஜெயித்தவன் கையில் இருக்கும் காய்களால் அவனுக்கும் பயனில்லை. 1920-களில் இயந்திரங்கள் உற்பத்தியைப் பெருக்கின; கூலி அந்த வேகத்துக்கு ஏறவில்லை. பெருத்த லாபம் பங்குச் சூதாட்டத்துக்குப் போனது, சாமானியன் தவணையில் பொருள் வாங்கினான். 1928-ல் நாட்டின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மேல்தட்டின் 1 சதவீதத்தினருக்குப் போனது என்று, பழைய வரிக் கணக்குகளை ஆராய்ந்து தோமா பிக்கெட்டியும் எமானுவேல் சாயஸும் நம் காலத்தில் காட்டியிருக்கிறார்கள். 1933-ல் எக்கிள்ஸிடம் அந்தப் புள்ளிவிவரம் கிடையாது. ஆக்டன் வங்கிக் கவுன்டரிலிருந்து பார்த்தே சொன்னார்.

நிதிக்குழு முன்பு அவருக்கு முன்னால் வந்த பிரமுகர்கள் பாடிய பாட்டு வேறு. வால் ஸ்ட்ரீட்டின் பெர்னார்ட் பரூக் உட்படப் பலரும் சொன்னது, அரசு செலவை வெட்டு, பட்ஜெட்டைச் சரிக்கட்டு என்பதுதான். நாலு தொழிலாளியில் ஒருவருக்கு வேலை இல்லாத நேரம் அது! எக்கிள்ஸ் ஒரு பட்டியலே வைத்திருந்தார். வேலையற்றோர் நிவாரணத்துக்கு மாநிலங்களுக்கு 50 கோடி டாலர். பொதுப்பணிகளுக்கு 250 கோடி டாலர். விவசாய அடமானங்களுக்குக் குறைந்த வட்டியில் மறுகடன். ஐரோப்பிய நாடுகளின் போர்க்கடன் விஷயத்தில் விட்டுக்கொடுத்தல். அதற்கப்பால் குறைந்தபட்சக் கூலி, முதியோர் ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, உயர்ந்த வருமான வரி, வாரிசுச் சொத்து வரி. இதில் தர்ம சிந்தனை எதுவும் இல்லை என்பதை அவரே தெளிவாக்கினார். பணக்காரர்களை அவர்களுடைய முட்டாள்தனத்திலிருந்து காப்பாற்றுவதற்கே அவர்களிடமிருந்து எடுக்கச் சொல்கிறேன் என்றார்.

அந்த முட்டாள்தனம் எவ்வளவு ஆழமானது என்பது மே மாதம் தெரிந்தது. அதே பெக்கோரா, வங்கியாளர் ஜே.பி. மார்கன் ஜூனியரைக் கூண்டில் ஏற்றினார். மார்கனும் அவருடைய கூட்டாளிகளும் 1931, 1932 இரண்டு வருடங்களுக்கும் அமெரிக்காவில் வருமான வரி கட்டவில்லை. சட்டப்படி அதில் குற்றமில்லை. பங்கு நஷ்டத்தைக் கழித்துக்கொண்டார்கள். அதைவிடச் சுவையானது ஒரு பட்டியல். மார்கன் நிறுவனம் சில பங்குகளைச் சந்தை விலைக்கு வெகுவாகக் கீழே, வேண்டியவர்களுக்கு மட்டும் ஒதுக்கியிருந்தது. முன்னாள் ஜனாதிபதி கூலிட்ஜ் அதில் இருந்தார். ஜனநாயகக் கட்சியின் முன்னாள் தலைவர் ஜான் ராஸ்கோப் இருந்தார். புதிய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் நிதியமைச்சர் வில்லியம் வுட்டினே இருந்தார். இரண்டு கட்சிகளிலும் ஆள் வைத்திருந்தார்கள். லஞ்சம் என்று எழுதினால் வழக்கு வரும். நட்பு என்று எழுதினால் சிரிப்பு வரும்.

வுட்டின் உடல்நலம் கெட்டு விலக, மார்கெந்தாவ் நிதியமைச்சரானார். அவர் அழைத்து, 1934 தொடக்கத்தில் எக்கிள்ஸ் வாஷிங்டனுக்குக் குடிவந்தார். வீட்டுக் கடன்களுக்கு அரசு உத்தரவாதம் தரும் சட்டத்தில் வேலை செய்தார். அந்த நவம்பரில் ரூஸ்வெல்ட் அவரை ஃபெடரல் ரிசர்வ் வாரியத்தின் தலைவராக நியமித்தார். எக்கிள்ஸ் ஒரு நிபந்தனையோடுதான் போனார்: அந்த அமைப்பையே மாற்ற வேண்டும். அதுவரை நாட்டின் பணப்புழக்கத்தைத் தீர்மானிப்பதில் 12 வட்டார ரிசர்வ் வங்கிகளின் கை, குறிப்பாக நியூயார்க்கின் கை, ஓங்கியிருந்தது. அந்த வட்டார வங்கிகளின் நிர்வாகத்தில் தனியார் வங்கியாளர்களுக்குப் பெரும்பங்கு. இதை மாற்றுவதை செனட்டர் கார்ட்டர் கிளாஸ் தன் உயிரைக் கொடுத்து எதிர்த்தார். 1935 ஆகஸ்டில் சமரசமாக வந்த வங்கிச் சட்டத்தில், முடிவெடுக்கும் குழுவில் வாஷிங்டன் வாரியத்தினர் 7 பேர், வட்டார வங்கிகளின் சார்பில் 5 பேர் என்று ஆனது. இன்றுவரை அதே ஏற்பாடுதான்.

அவரைத் தீர்க்கதரிசியாக்கிவிடவும் வேண்டாம். 1936 ஆகஸ்டிலிருந்து 1937 மே வரை, வங்கிகள் கையிருப்பாக வைக்க வேண்டிய விகிதத்தை அவருடைய வாரியம்தான் படிப்படியாக இரண்டு மடங்காக்கியது. அரசும் செலவைச் சுருக்கியது. பொருளாதாரம் மறுபடி குப்புற விழுந்தது. செலவுக் குறைப்பைக் கடுமையாக எதிர்த்தவர் அவர் என்றாலும், கையிருப்பு முடிவில் அவருக்கிருந்த பங்கை மறைக்க முடியாது.

வரியைப் பற்றிப் பொதுவாகப் பேசியவரையில் செல்வர்கள் அவரைத் திட்டினார்கள், அவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட வங்கியைத் தொட்டபோது நிலைமை மாறியது. கலிஃபோர்னியாவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவை வளர்த்த ஏ.பி. ஜியானினி, டிரான்ஸ்அமெரிக்கா என்ற கம்பெனியின் மூலம் மேற்கு மாநிலங்களில் வங்கிகளை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். இதற்குக் கடிவாளம் வேண்டும் என்று எக்கிள்ஸ் விடாமல் வாதிட்டார். 1948 தேர்தல் வருடம். ஜனாதிபதி ட்ரூமனுக்கு கலிஃபோர்னியா வேண்டும். அந்த ஜனவரியில் எக்கிள்ஸ் தலைவராகத் தொடர மாட்டார் என்று ட்ரூமன் அறிவித்தார். காரணத்தை அவரிடம் சொல்லவே இல்லை. துணைத்தலைவர் பதவி தருவதாகச் சொன்னதும் நடக்கவில்லை. இது ஜியானினியின் வேலை என்றே எக்கிள்ஸ் கடைசிவரை சந்தேகித்தார். ஆவணம் எதுவும் அகப்படவில்லை. இப்படிப்பட்ட காரியங்களுக்கு ஆவணம் எழுதுகிறவர்களும் இல்லை. எனக்கு அவருடைய சந்தேகம் நியாயமாகவே படுகிறது.

அவமானத்தில் ராஜினாமா செய்வார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் சாதாரண உறுப்பினராக அங்கேயே உட்கார்ந்துகொண்டார். 1951 ஜனவரி 31 அன்று ரிசர்வ் குழுவினர் ட்ரூமனைச் சந்தித்தார்கள். வட்டி ஏறாமல் இருக்க அரசுப் பத்திரங்களின் விலையைத் தாங்கிப் பிடிக்க அவர்கள் ஒப்புக்கொண்டதாக வெள்ளை மாளிகை செய்தி வெளியிட்டது. அப்படி யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சந்திப்பின் உள்குறிப்பை எக்கிள்ஸ் தன் பொறுப்பில் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். மார்ச் 4-ம் தேதி, நிதித்துறையும் ஃபெடரல் ரிசர்வும் உடன்பாட்டுக்கு வந்ததாக அறிவிப்பு வந்தது. வட்டி விகிதத்தை ஃபெடரல் ரிசர்வ் சுதந்திரமாகத் தீர்மானிப்பது அன்றிலிருந்துதான். ஜூலையில் எக்கிள்ஸ் ஊருக்குக் கிளம்பினார். அடுத்த வருடம் யூட்டாவில் குடியரசுக் கட்சியின் செனட் வேட்பாளராக முயன்று, உட்கட்சித் தேர்தலில் தோற்றார்.

அவர் கேட்ட கடிவாளம் 1956-ல் வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகளைக் கையில் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கான அந்தச் சட்டத்தால் டிரான்ஸ்அமெரிக்கா தன் வங்கிகளைப் பிரித்துவிட நேர்ந்தது. யூட்டாவில் எக்கிள்ஸ் தலைமை வகித்த ஃபர்ஸ்ட் செக்யூரிட்டியும் அதே ரகக் கம்பெனிதான். சட்டம் அதையும் கட்டுப்படுத்தியது.

அடுத்த வாரம், மார்கன் பட்டியலில் பார்த்த ஜான் ராஸ்கோப்பும் டு பாண்ட் சகோதரர்களும் சேர்ந்து ரூஸ்வெல்ட்டைத் தோற்கடிக்கப் பணத்தைக் கொட்டிய லிபர்டி லீக்கின் கதை.

(தொடரும்)