சிவப்பணுவின் வாசல்

பிழைப்பின் பொருட்டுத் தென்னாட்டை விட்டு வடக்கே குடியேறிய நம்மவருள் பலர், ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கத்தோடு வரும் முறைக்காய்ச்சலை அறிந்திருப்பர். அதற்குக் காரணமான நுண்ணுயிர் இரத்தத்தின் சிவப்பணுவுக்குள் எவ்வாறு புகுகின்றது? இவ்வினாவின் வரலாற்றில் நம் நாட்டு நகரங்களுக்கும் பங்குண்டு.

1880-ஆம் ஆண்டில், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில், பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவெரான் நோயாளியின் இரத்தத்தில் இவ்வுயிரைக் கண்டார். அது அணுவின்மேல் ஒட்டியிருப்பதாக அவர் கருதினார். உள்ளே குடியிருப்பதாக இத்தாலிய அறிஞர் வாதிட்டனர். இத்தாலியர் கூற்றே மெய்யாயிற்று. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் இவ்வுயிரைக் கண்டறிந்தார். ஆயினும் அணுவின் வாசல் எதுவென்பது புலப்படவில்லை.

அதற்கு வழிகாட்டியது ஒரு குரங்கின் நோய். சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த குரங்கொன்றில் காணப்பட்ட மலேரியாக் கிருமியை, 1932-இல் அந்நகரின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நோல்ஸ் என்பாரும் விரஜ மோகன் தாஸ் குப்தாவும் ஆராய்ந்தனர். அது மனிதரையும் பற்றுமென நிறுவினர். நோல்ஸின் பெயரையே அக்கிருமி தாங்கி நிற்கின்றது.

1975-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதே கிருமி அணுவினுள் புகும் காட்சியைப் படம் பிடித்தனர். கிருமி முதலில் அணுவைத் தொடுகின்றது, அணு நெளிகின்றது. பின்னர்க் கிருமி தன் கூர்முனையை அணுவின்பால் திருப்பி இறுகப் பற்றுகின்றது. அணுவின் சவ்வு உட்குழிந்து அதனைச் சூழ, ஒரு நிமிடத்திற்குள் அது உள்ளே சென்று மறைகின்றது. அங்குச் செந்நிறப் பொருளை உண்டு பல்கி, அணுவை வெடித்து வெளிப்படுகின்றது. நம்மை வாட்டும் நடுக்கம் அவ்வெடிப்பின் விளைவே.

அதே காலத்தில் லூயி மில்லர் குழுவினர் மற்றோர் உண்மையைக் கண்டனர். டஃபி எனும் இரத்தவகைப் பொருள் இல்லாத அணுக்களுள் இக்கிருமி நுழைய இயலவில்லை. மேற்கு ஆப்பிரிக்க மக்களுள் பெரும்பாலோரிடம் அப்பொருள் இல்லை. விவாக்ஸ் மலேரியா அவர்களை அரிதாகவே அணுகுவதன் காரணம் விளங்கிற்று. எனினும் இக்காவல் முழுமையன்று. டஃபி இல்லாதாரிடமும் அந்நோய் பின்னாளில் காணப்பட்டது.

உயிர்க்கொல்லியான ஃபால்சிபாரம் கிருமிக்கு வேறொரு வாசல் உண்டென்பது 2011-இல் தெளிவாயிற்று. பாசிஜின் எனும் அவ்வாசலை அடைக்க முயலும் தடுப்பூசிகள் மனிதரிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. வாசலை அறிந்தோர் அதனைத் தாழிடவும் கற்பர். அதுவரை கொசுவலையைக் கைவிடாமலும், வீட்டருகே நீர் தேங்கவிடாமலும் நம்மைக் காத்துக்கொள்வோமாக.