முத்திரையிட்ட கடிதமும் முத்திரையில்லா அஞ்சலும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குத் தங்கவயலின் பழைமை குறித்துக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். சுரங்கங்களைப் பற்றி எழுத வல்லார் நம்மிடையே பலர் உளர். ஆகவே, நாம் கடிதத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் நம் முன்னோர் இங்கு வந்து மண்ணுக்கடியில் இறங்கியபோது, அவர்களைப் பிறந்த ஊரோடு பிணைத்து வைத்த கயிறு கடிதமே. இன்று அக்கயிறு மின்னஞ்சலாக மாறியுள்ளது. காசு ஏதும் வாங்காமல் சில நிறுவனங்கள் நமக்கு அளிக்கும் இந்த அஞ்சலில் நாம் எழுதுவன பிறர் கண்ணுக்கு மறைவாக இருக்கும் என்று நம்பலாமா? இதுவே ஈண்டு ஆராயப் புகும் பொருள். இதற்கு விடை காண விழைவோர், பழைய கடிதம் எவ்வாறு காக்கப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அஞ்சேயும் அரை அணாவும்

பழைய மைசூர் அரசில் அஞ்சல் துறைக்கு ‘அஞ்சே’ என்று பெயர். சிக்கதேவராச உடையார் காலத்தில், 1672ஆம் ஆண்டில் இஃது அமைக்கப்பட்டது. மைசூர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய மார்க் வில்க்ஸ் என்பார் இத்துறையைப் பற்றிக் கூறும் செய்தி சிந்தனைக்குரியது. அஞ்சல் அதிகாரிகள் அரசவையின் அந்தரங்க ஆட்களாக விளங்கினர். அவர்க்குக் கீழ்ப்பட்ட ஊழியரோ, தாம் இருக்கும் பகுதியில் மறைவாக நடப்பனவற்றை மேலிடத்துக்கு அறிவிக்கும் ஒற்றராக இருந்தனர் என்கிறார் அவர். கடிதத்தைச் சுமந்த தோளும், ஊர்ச் செய்தியை அரசன் காதில் ஓதிய வாயும் ஒருவருக்கே உரியனவாக இருந்தன என்பது இதனால் விளங்கும். அந்த அஞ்சே 1889ஆம் ஆண்டில் இந்திய சர்க்காரின் அஞ்சல் துறையோடு இணைந்துவிட்டது.

ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் 1854 அக்டோபர் முதல் நாள் புதிய முறை தோன்றிற்று. தூரம் எதுவாயினும், கால் தோலா எடை வரையுள்ள கடிதத்துக்கு அரை அணா என்னும் ஒரே கட்டணம் விதிக்கப்பட்டது. அரை அணாத் தலையை ஒட்டியவன் எத்துணை ஏழையாயினும், சர்க்காரிடம் கூலி கொடுத்து வேலை வாங்குபவன் ஆனான். 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டம் அவனுக்கு ஒரு காப்பும் தந்தது. கடமைக்கு மாறாகக் கடிதத்தைப் பிரிக்கின்ற, தடுத்து வைக்கின்ற, தாமதப்படுத்துகின்ற ஊழியருக்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க அச்சட்டத்தின் 53ஆம் பிரிவு இடமளித்தது. ஆயினும், பொது நெருக்கடி நேரும்போது கடிதத்தை மறிக்கும் அதிகாரத்தை 26ஆம் பிரிவு சர்க்காருக்கே வைத்திருந்தது. ஊழியன் கையைக் கட்டிய சட்டம், சர்க்காரின் கையில் ஒரு சாவியையும் கொடுத்தது என்க.

பௌரிங்பேட்டை எனப்பட்ட பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு 1894ஆம் ஆண்டில் ரயில் வந்தது. ரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் நமக்கு ஒரு செய்தியைக் கூற உரிமை உண்டு. அஞ்சல் மூட்டையை ரயில் சுமக்கும். ஆனால் அதன் வாயிலுள்ள அரக்கு முத்திரையை ரயில்வே ஊழியர் தொடமாட்டார். சுமப்பவர் வேறு, பிரித்து அடுக்குபவர் வேறு. வீட்டு வாயிலில் கடிதம் சேர்ந்ததும் அவ்விருவர் கையிலும் எதுவும் எஞ்சுவதில்லை. கடிதம் தகரப் பெட்டிக்குள் போய்விடும்; பெட்டியின் சாவி தாயாரின் முந்தானையில் இருக்கும். பழைய அஞ்சலின் மறைவு இந்தப் பிரிவினையால் விளைந்தது.

திறந்த கார்டும் லைன் வீடுகளும்

1879 ஜூலை முதல் நாள் இந்தியாவில் அஞ்சல் அட்டை வெளிவந்தது. விலை கால் அணா. உறையிட்ட கடிதத்தின் விலையில் பாதி. மறைவோ சிறிதும் இல்லை. வழியில் யாரும் படிக்கலாம். மக்கள் அதனை அறிந்தே வாங்கினர். ‘இங்கு யாவரும் நலம்’ என்பதைக் கார்டில் எழுதினர். கடன் செய்தியையும் பெண் பார்க்கும் செய்தியையும் உறைக்குள் இட்டனர். எது திறந்தது, எது மூடியது என்று பார்த்த அளவில் தெரிந்தமையால் ஏமாற்றத்துக்கு இடமில்லாதிருந்தது.

தங்கவயலின் லைன் வீடுகளில் வாழ்ந்த நம் பாட்டன்மாரில் எழுத்தறிந்தவர் சிலரே. ஊரிலிருந்து கடிதம் வந்தால், படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிச் செல்வர். அவர் உரக்கப் படிப்பார். அக்கம் பக்கத்தார் கேட்டுக்கொண்டிருப்பர். பதில் எழுதுபவரும் அவரே. எந்த வீட்டில் அடகு, எந்த வீட்டில் பிணக்கு என்பதனைத்தும் அவர் நெஞ்சில் இருந்தன. அவர் வாய் திறவாதிருந்தால் குடும்பத்தின் மானம் பிழைத்தது, திறந்தால் போயிற்று. எமது பாட்டனார் நாற்பது வயதுக்கு மேல் இரவுப் பள்ளியில் சேர்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். தம் தங்கையின் கடிதத்தைத் தாமே படிக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் அவர் சொன்னதில்லை.

மறைவு என்பது செல்வர்க்கே உரிய ஆடம்பரம் என்று கருதுவாரும் உளர். தங்கவயலின் வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது. 1930ஆம் ஆண்டில், தொழிலாளர் ஒவ்வொருவரையும் கைரேகை எடுத்துப் பதிவு செய்யச் சுரங்க நிர்வாகம் முனைந்தபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர் 21 நாட்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அன்றாடக் கூலியை நம்பியவர். இருந்தும் தம் விரலின் ரேகை பிறர் ஏட்டில் ஏறுவதைப் பொறாது எழுந்தனர். அந்தரங்கம் என்ற சொல்லை அவர்கள் கற்றிருக்கமாட்டார்கள், பொருளை அறிந்திருந்தார்கள்.

சர்க்காரின் சாவி

சர்க்கார் கடிதத்தைப் பிரிப்பது எல்லா நாட்டிலும் நடந்ததே. இத்தாலிய நாட்டு விடுதலை வீரர் மாஜினி லண்டனில் தங்கியிருந்தபோது, அவருடைய கடிதங்களை உள்துறை அமைச்சரின் ஆணையால் அஞ்சல் நிலையத்தார் பிரித்துப் பார்த்தது 1844இல் வெளிப்பட்டுப் பாராளுமன்றத்தையே கலக்கிற்று. நம் பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், ஆங்கில சர்க்காரின் ஒற்றர்கள் அவருக்கு வரும் அஞ்சலையும் அவரைக் காண வருவோரையும் கண்காணித்த வண்ணமிருந்தனர்.

சுதந்திர இந்தியாவிலும் இக்கேள்வி எழாமலில்லை. கடிதங்களை மறிக்கும் அதிகாரத்தை விரிவாக்கும் அஞ்சல் திருத்த மசோதாவைப் பாராளுமன்றம் 1986இல் நிறைவேற்றிற்று. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த தமிழர் ஆர். வெங்கட்ராமன், அதனை மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பினார். 2002இல் மசோதா திரும்பப் பெறப்பட்டது. ஒரு கடித உறையைக் காக்கக் குடியரசுத் தலைவர் இருவர் தம் கையெழுத்தை நிறுத்திக்கொண்டனர் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று.

வாடகை கேளாத கிடங்கு

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். பெங்களூரில் பள்ளிப் படிப்புப் படித்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித் என்ற அமெரிக்கரும் 1996 ஜூலை 4ஆம் நாள் ஹாட்மெயில் என்னும் இலவச அஞ்சலைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு டிசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதனை வாங்கிற்று. 2004 ஏப்ரல் முதல் நாள் கூகுள் நிறுவனம் ஜிமெயிலை வெளியிட்டது. மற்றவர்கள் சில மெகாபைட் இடம் மட்டுமே தந்த அந்நாளில், ஒரு கிகாபைட் இடத்தை அது காசின்றித் தந்தது.

எங்கள் ரயில்வே சரக்குக் கிடங்கில், குறித்த நேரத்துக்குள் எடுத்துச் செல்லாத சரக்குக்கு ‘வார்பேஜ்’ என்ற கட்டணம் விதிப்போம். இடம் என்பது பணம். ஆண்டுக்கணக்காக ஒருவர் நம் மூட்டைகளை வாடகையின்றி வைத்துக் காப்பாராயின், அவர் ஊதியம் எங்கிருந்து வருகிறது என்று வினவுவது அறிவுடைமை. விடை மறைவானதன்று. நம் கடிதங்களில் உள்ள சொற்களை இயந்திரம் படித்து, அவற்றுக்கேற்ற விளம்பரங்களை நம் கண்முன் வைத்தது. அவ்விளம்பரங்களே அந்நிறுவனத்தின் வருவாய். மனிதர் எவரும் அமர்ந்து படிக்கவில்லை. இயந்திரமே படித்தது என்பதைக் கூறுதல் நேர்மை.

இதனை எதிர்த்து அமெரிக்காவில் வழக்குகள் எழுந்தன. 2013இல் கலிபோர்னிய நீதிமன்றத்தில் கூகுள் நிறுவனம் கூறிய வாதம் நமக்குப் பழைய லைன் வீட்டை நினைவூட்டுகிறது. அலுவலகத்துக்கு எழுதும் ஒருவர் தம் கடிதத்தை அங்குள்ள உதவியாளர் பிரித்துப் படிப்பதைக் கண்டு வியக்க இயலாதவாறுபோல, மின்னஞ்சல் எழுதுவோரும் அது நிறுவனத்தின் இயந்திரத்தால் ஆராயப்படுவதைக் கண்டு வியக்க இயலாது என்பதே அவ்வாதத்தின் சாரம். நீதிபதி வழக்கைத் தள்ளிவிடவில்லை. விளம்பரங்களைத் தேர்ந்தெடுப்பதற்காக ஜிமெயில் கடிதங்களை ஆராய்வதை நிறுத்துவதாக 2017 ஜூனில் அந்நிறுவனமே அறிவித்தது. எனினும் குப்பை அஞ்சலைக் களையவும், தீய நிரல்களைத் தடுக்கவும், கடிதங்களை வகைப்படுத்தவும் இயந்திரம் படித்துக்கொண்டுதான் இருக்கிறது.

நாம் அனுப்பும் மின்னஞ்சல் வழியில் பெரும்பாலும் பூட்டிய மூட்டையாகவே செல்கிறது. ஆனால் சென்று சேர்ந்த பின்னும் அது நம் தகரப் பெட்டிக்கு வருவதில்லை. நிறுவனத்தின் கிடங்கிலேயே தங்குகிறது. அதன் சாவியும் அவர்களிடமே இருக்கிறது. சுமப்பவர், பிரித்து அடுக்குபவர், காத்து வைப்பவர் மூவரும் இங்கே ஒருவராயினர். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் கிடங்கு உடைபடலாம். 2013இல் யாஹூ நிறுவனத்தில் நடந்த திருட்டில், அதன் கணக்குகள் 300 கோடியும் சிக்கின என்பதை 2017இல்தான் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

சட்டம் தரும் காப்பு

நிறுவனத்திடம் தங்கியிருக்கும் மின்னஞ்சலுக்கும் கடிதத்துக்குரிய மறைவு உண்டு. போலீசார் நீதிமன்ற ஆணையின்றி அதைப் பெறலாகாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2010இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டில், கருநாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பதின்மரும் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 1930இல் தங்கவயல் தொழிலாளர் கேட்டதற்கு 87 ஆண்டுகள் கழித்து வந்த விடை எனலாம்.

இத்தீர்ப்புகள் முதன்மையாக சர்க்காரின் கையைக் கட்டுவன. கிடங்கு வைத்திருப்பவரை நேராகக் கட்டுவன அல்ல. அவருக்கென வந்தது 2023ஆம் ஆண்டின் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எதற்காகத் தகவல் பெறுகிறோம் என்று கூறி இசைவு பெற வேண்டும். பெற்ற தகவலைத் தக்கவாறு காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்பது அதன் சாரம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. முதன்மையான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. சர்க்காரின் சாவியோ இன்றும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு மின்னஞ்சலை மறிக்க இடமளிக்கிறது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் சட்டத்திலும் மறிக்கும் அதிகாரம் நிலைத்தது. கடிதத்தைப் பிரிக்கும் ஊழியருக்குச் சிறை என்ற பழைய பிரிவு அதில் இடம்பெறவில்லை.

நம் வீடுகளுக்கு ஒரு சொல்

நிற்க. நம் லைனில் நடந்த ஒன்றைக் கூறி முடிப்போம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின் கணவரையும் இழந்த மூதாட்டி ஒருவர், நிலுவைத் தொகை குறித்து விண்ணப்பிக்க வேண்டி ஒரு கணினிக் கடைக்குச் சென்றார். கடைப் பையன் அவருக்கு இலவச மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்கித் தந்தான். கடவுச்சொல் அவனுடையது, தொலைபேசி எண்ணும் கடையினுடையது. மூதாட்டியின் ஆதார், வங்கிப் புத்தகம், கணவரின் பணிச் சான்று யாவும் அதில் ஏறின. ஓராண்டில் கடை மூடப்பட்டது. பதில் வந்ததா என்று பார்க்கவும் அவருக்கு வழியில்லை. தம் ஆவணங்கள் யார் கையில் உள்ளன என்பதும் தெரியவில்லை. எழுத்தறியாத பாட்டியின் கடிதத்தை உரக்கப் படித்தவரைப் போலத்தான் அப்பையனும். அவன் தீயவன் அல்லன். ஆனால் சாவி அவனிடம் இருந்தது.

ஆகவே, முழு மறைவை இலவச அஞ்சலில் எதிர்பார்த்தல் தகாது என்பதே நம் துணிபு. அதனைக் கைவிடுக என்று நாம் கூறவில்லை. விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று பிழைக்கும் நம் இளைஞர்க்கு அது இன்றியமையாதது. நம் முன்னோர் கார்டையும் உறையையும் பிரித்தறிந்தது போல நாமும் பிரித்தறிதல் வேண்டும். நலம் விசாரிப்பதை அதில் எழுதுக. ஆதார் நகலையும் வங்கி விவரத்தையும் தேவை தீர்ந்ததும் அழித்துவிடுக. கடவுச்சொல்லையும் மீட்புக்குரிய தொலைபேசி எண்ணையும் நம்முடையனவாகவே வைத்துக்கொள்க. வீட்டிலுள்ள படித்த பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டியரின் கணக்கைத் தாமே தொடங்கித் தந்து, சாவியை அவர்கள் கையில் கொடுத்தல் கடமையாகும்.

எமது பாட்டனார் தம் தங்கையின் கடிதத்தைத் தாமே படிப்பதற்காக நாற்பது வயதில் சிலேட்டை எடுத்தார். நமக்கு அத்துணைத் துன்பம் இல்லை. ஒரு மாலைப் பொழுது போதும். நம் சங்கத்தின் படிப்பகத்தில் அதற்கு ஒரு மாலையை ஒதுக்குமாறு செயற்குழுவினரை வேண்டி அமைகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!