குகை இல்லாத ஊரின் குகைகள்

திருச்சுழிப் பக்கம் குகை தேடிப் போகிறவருக்குக் கிடைப்பவை கரிசல் காடும், உடைமரமும், பாதி நாள் வற்றிக் கிடக்கும் கண்மாய்களும்தான். குண்டாற்றில் நீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஊரின் பெயருக்குச் சொல்லப்படும் புராணமோ வெள்ளத்தைப் பற்றியது. உலகை மூழ்கடிக்க வந்த பிரளயத்தைச் சிவபெருமான் சூலத்தால் நிலத்தைத் துளைத்து அதனுள் சுழித்து இறங்கச் செய்தாராம், அதனால் சுழியல். வானம் பார்த்த பூமிக்காரர்கள் தண்ணீரை இப்படிப் பெருமிதத்துடன் பாதாளத்துக்கு அனுப்பி வைத்த கதையை நாம் வேறெங்கும் கேட்டதில்லை.

இந்நிலம் தன் பழமையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. திருச்சுழிக்குத் தென்மேற்கே, அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில் பந்தல்குடி இருக்கிறது. அங்கே திறந்தவெளிச் சுரங்கங்களில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். சுண்ணாம்புக்கல் என்றதும் அரியலூர் நினைவுக்கு வரும். அங்குள்ள பாறைகளில் கிரெட்டேசியக் காலத்துக் கடலின் கிளிஞ்சல்களும், சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும் கல்லாகி உறைந்திருக்கின்றன. பந்தல்குடிக் கல்லில் அப்படி எதுவும் இல்லை. அரியலூர்க் கடலுக்கு மிக முந்திய அந்தப் படிவு, பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் தாக்கி உருமாறிப் படிகமாகிவிட்ட ஒன்று. கடலடிப் படிவாக இருந்ததன் ஞாபகம் அதன் வேதியியலில் மட்டுமே எஞ்சியுள்ளது.

மனிதர் வரலாற்றிலும் இப்பகுதிக்கு ஏறத்தாழ இதே கதிதான். அதை அறிய நாம் மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குப் போக வேண்டும்.

மலையின் தென்மேற்குச் சரிவில் செட்டிப்புடவு என்ற குகை இருக்கிறது. புடவு என்றால் குகை. வாயிலுக்கு இடப்புறம் பாறையில் பெரிய தீர்த்தங்கரர் உருவம் அமர்ந்த நிலையில் செதுக்கப்பட்டிருக்கிறது. காது நீண்டு, சாந்தமாக வீற்றிருக்கும் அவரை ஊர்மக்கள் ஒரு செட்டியாராகக் கண்டுகொண்டதால் குகைக்கு அப்பெயர். உள்ளே கூரை வளைவில் வரிசையாக ஐந்து சிற்பங்கள். அவற்றில் ஒன்றில், சிங்கத்தின் மீதேறிய இயக்கி யானை மீது வருபவனோடு போரிடுகிறாள். அமைதியே உருவான தீர்த்தங்கரர்களுக்குப் பக்கத்தில் இந்த ஆவேசம் எதிர்பாராதது. நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்ததும் அதுவே.

வெளியே தீர்த்தங்கரரின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. வெண்புநாட்டுத் திருக்குறண்டியைச் சேர்ந்த அட்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேனதேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என ஓர் ஆசிரிய மரபை அது வரிசைப்படுத்துகிறது. கனகவீரர் இத்திருமேனியைக் குயில்குடி ஊரார் பேரால் செய்வித்தார் என்பது செய்தி.

குறண்டி மதுரைக்குத் தெற்கே, காரியாபட்டிப் பக்கத்து ஊர். இன்று குரண்டி என எழுதுகிறார்கள். அங்கே திருக்காட்டாம்பள்ளி என்ற பெரும் சமணப் பள்ளி இருந்தது. கல்வெட்டுகள் சுமார் 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களின் கீழும் இப்பள்ளியோடு தொடர்புடைய துறவியரின் பெயர்கள் வருகின்றன. பேச்சிப்பள்ளத்திலேயே அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் இருக்கிறது. மகனின் பெயர் தென்பாண்டி நாட்டு மலைகள் பலவற்றில் கிடைக்கும். தாயின் பெயர் கிடைப்பது அபூர்வம்.

7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தரோடு நிகழ்ந்த வாதத்துக்குப் பின் மதுரையில் சமணமே இல்லாது போயிற்று என்றுதான் நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருக்கிறோம். எண்ணாயிரம் பேர் கழுவேறிய கதையும் அதோடு சேர்ந்தே வரும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகள் கழித்து, குறண்டியில் ஆசிரியருக்குப் பின் மாணாக்கர், அவருக்குப் பின் அவர் மாணாக்கர் என்று ஒரு பள்ளி தழைத்திருக்கிறது. அதன் துறவியர் மதுரைக் குன்றுகளுக்கு வந்திருக்கிறார்கள். ஓர் ஊரார் தங்கள் பேரால் சிலை எழுப்ப அவர்களிடம் வந்திருக்கிறார்கள். இதைச் சொல்வது குகைப் பாறைதான், குறண்டி அல்ல.

அப்படியானால் குறண்டிப் பள்ளி என்னவாயிற்று? அதன் கற்கள் சில திருச்சுழிக்கு அருகே பள்ளிமடத்தில் இருக்கின்றன. குண்டாற்றங்கரையில் உள்ள காளநாதசுவாமி கோயிலில், குறண்டித் திருக்காட்டாம்பள்ளிக்கு அளித்த கொடைகளைக் கூறும் கல்வெட்டுக் கற்கள் காணப்படுகின்றன. சமணப் பள்ளி அழிந்தபின் அதன் கற்களைச் சிவன் கோயில் திருப்பணிக்கு எடுத்துவந்தார்கள் என்பது ஆய்வாளர் முடிபு. இடித்துக் கொண்டுவந்தார்களா, இடிந்து கிடந்ததைக் கொண்டுவந்தார்களா என்பதைக் கற்கள் சொல்லவில்லை. மலையில்லா ஊரில் வெட்டிச் சமன்செய்த கல் என்பது பெரிய செல்வம். பக்தியோ பகையோ இன்றியும் வண்டி கட்டியிருக்கலாம்.

இங்கே ஒரு சொல் நம்மை ஏமாற்றப் பார்க்கும். பள்ளிமடத்தில் உள்ள 'பள்ளி'யைச் சமணப் பள்ளி என உடனே கொண்டுவிடத் தோன்றும். ஆனால் அவ்வூர்க் கோயில், சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலக் கல்வெட்டுகளில் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்ற பள்ளிப்படையாகக் குறிக்கப்படுகிறது. பள்ளிப்படை என்பது இறந்த அரசன் நினைவாக எழுப்பும் கோயில். ஆக, மடிந்த மன்னன் ஒருவனுடைய பள்ளிக்கு, மறைந்த துறவியரின் பள்ளியிலிருந்து கற்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

குகைகளுக்கு இன்று காவலர் உண்டு. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் குன்றுகளைத் தின்றதைப் பார்த்த பிறகு மக்கள் விழித்துக்கொண்டார்கள். தமிழிக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் கொண்ட அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தபோது ஊர் ஊராகத் திரண்டார்கள். 2025 ஜனவரியில் மைய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சுட்டிக்காட்ட ஒரு மலையும் அதில் ஒரு சிற்பமும் இருந்ததால் அது சாத்தியமாயிற்று என்றே நினைக்கிறோம்.

குறண்டிக்கு அந்த வசதி இல்லை. அந்தப் பக்கமும் கல்குவாரிகள் பெருகியுள்ளன. 2024 மே மாதத்தில் ஆவியூர் அருகே குவாரி ஒன்றின் வெடிமருந்து அறை வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டபோதுதான் அவ்வூரின் பெயரே செய்தியில் அடிபட்டது. கீழடியும் 2014-இல் ஒரு தென்னந்தோப்பாகத்தான் இருந்தது. வெம்பக்கோட்டையில் 2022-இல் தொடங்கிய அகழாய்வு, இதே விருதுநகர் மாவட்டத்தில் வைப்பாற்றங்கரை மேடு ஒன்றிலிருந்து சங்கு வளையல்களையும் மணிகளையும் குவியல் குவியலாக எடுத்துத் தந்தது. குறண்டியின் வயல்களையும் மேடுகளையும் ஜல்லியாக்கும் முன் ஒருமுறையாவது நிதானமாக நடந்து பார்க்க வேண்டும். பள்ளிமடத்துக் கற்களைப் பொறுத்தவரை அடுத்த திருப்பணியின்போது அவற்றின் மேல் மணல்வீச்சு எந்திரத்தைத் திருப்பாமல் இருந்தால் போதும். அப்படிச் சுத்தம் செய்து எழுத்தை இழந்த கோயில்கள் தமிழகத்தில் பல.

செட்டிப்புடவுக் கல்வெட்டின் கடைசி வரியை இன்னும் சொல்லவில்லை. அத்திருமேனி யாருடைய காவலில் விடப்படுகிறது என்பதை அது கூறுகிறது. அரசனோ அதிகாரியோ அல்ல; பள்ளிச் சிவிகையார், அதாவது பள்ளியின் பல்லக்குத் தூக்கிகள்.