வாழைக்குட்டியும் லினக்ஸ் விம்பமும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

நீர்வேலியில் வாழை வைக்கிறவர்களுக்கு இது தெரிந்த விசயம். தாய் வாழையில் முடிக்கொத்து நோய் இருந்தால், அதிலிருந்து பிரித்து நட்ட குட்டிகளோடும் நோய் போய்விடும். நடும்போது குட்டி பச்சைப்பசேல் என்றுதான் நிற்கும். மேகக் கணிமையில் 'விம்பம்' என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். பணிசெயல் முறைமையை ஒரு தடவை நிறுவி, அப்படியே ஒரு கோப்பாக்கி வைப்பார்கள். அதிலிருந்து பத்துக் கணினியும் முளைக்கலாம், பத்தாயிரமும் முளைக்கலாம்.

பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை வெளியிட்டது 1991இல். அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை, ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. எங்கள் முஸ்லிம் குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பெரும்பாலும் புத்தளத்து அகதி முகாம்களில் இருந்தன. உலகம் எங்களைக் கேட்டுக்கொண்டா நகர்கிறது! 2006 ஓகஸ்டில் அமேசன் தன் கணினிகளை மணித்தியாலம் 10 அமெரிக்கச் சதத்துக்கு வாடகைக்கு விட்டது. அதை உருவாக்கிய குழு வேலை செய்தது தென்னாபிரிக்காவின் கேப் டவுனில். தொடக்கத்தில் அதில் ஓடியது லினக்ஸ் மட்டும்தான். விண்டோஸ் 2008இல்தான் வந்தது.

அதே 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஒரு சின்னத் திருத்தம் நடந்தது. பிழை தேடும் ஒரு கருவி சும்மா எச்சரிக்கை தந்துகொண்டிருந்ததால், இரண்டு வரிகளைச் செயலிழக்க வைத்தார்கள். இரகசியச் சாவி உருவாக்குவதற்கு எழுமாற்றான தரவைச் சேர்க்கும் வரிகள் அவை. மிஞ்சியது 32,768க்கு மேற்படாத ஓர் எண் மட்டும். எண்ணி முடியாத அளவு சாவிகள் பிறக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகையிலும் முப்பத்திரண்டாயிரம் சொச்சம் சாவிகளே பிறந்தன. அவ்வளவையும் ஒரு கணினி உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடலாம். உபுண்டுவும் டெபியனில் இருந்து வந்ததால் அதற்கும் இது பரவியது.

லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்து, 2008 மே 13இல் அறிவிப்பு வரும்வரை, ஏறக்குறைய இரண்டு வருடம் இது பிடிபடவில்லை. ஏன்? எல்லோரும் சாவி பூட்டைத் திறக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். திறந்தது. அடுத்த வீட்டுச் சாவியும் இதே சாவியா என்று பார்க்கவில்லை. எங்களுக்கு இந்தக் கதையில் பெரிய விசயமே இதுதான்.

மேகத்தில் இந்த ஆபத்து இன்னும் லேசாக வரும். விம்பம் செய்தவர் தன் சாவியை உள்ளே மறந்து விட்டால் போதும், முளைக்கிற கணினி எல்லாவற்றிலும் அது இருக்கும். 2011இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் அமேசனில் பொதுவில் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட விம்பங்களைச் சோதித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் குறை இருந்தது.

இன்று பாடசாலைப் புள்ளி விபரம், பள்ளிவாசல் சந்தாக் கணக்கு, சனசமூக நிலையப் பதிவேடு எல்லாம் மெல்ல மெல்ல மேகத்துக்குப் போகின்றன. பெடியள் யாரோ இலவசமாகப் போட்ட விம்பத்தை எடுத்து ஓடவிடுகிறார்கள். ஓடுகிறது என்றால் சரி என்கிறார்கள்.

உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது: ஒரு விம்பத்திலிருந்து ஒன்றல்ல, இரண்டு கணினிகளைத் தொடங்குங்கள். இரண்டின் சேவையகச் சாவியையும் இயந்திர அடையாள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் அந்த விம்பத்தை விட்டுவிடுங்கள். உள்ளே நுழைய அனுமதிக்கப்பட்ட சாவிகளின் பட்டியலில் உங்களுடையது தவிர வேறு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு மீள்தொடக்கிப் பாருங்கள். சில விம்பங்கள் முதல் தடவை மட்டும்தான் எழும்பும்.

சோதனை முடிந்ததும் இரண்டையும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாத முடிவில் வாப்பாவின் காட்டில் காசு போகும்.