பதினைந்து படுக்கையும் ஒரு கால் வலியும்

உத்திரமேரூர்னாலே நம்ம மக்களுக்கு குடவோலை தான் ஞாபகம் வரும். எனக்கு இப்பல்லாம் பக்கத்துல இருக்கற திருமுக்கூடல் தான். காரணம் எங்க அக்கா பையன். ஏழு வயசு. கால் வலி, கூடவே காய்ச்சல். சுளுக்குன்னு நெனச்சு நாலு நாள் எண்ணெய் தடவினோம். அப்புறம் தோளும் வலிக்குதுன்னான். ஸ்கேன் எடுத்தா ரெண்டு எலும்பிலயும் சீழ்!

ஸ்டெஃபைலோகாக்கஸ்னு ஒரு கிருமி. சின்ன புண் வழியாக்கூட ரத்தத்துல கலந்துடும். குழந்தைகளோட வளர்ற எலும்பு முனையில ரத்தம் மெதுவா ஓடறதால அங்கே தங்கிடும். ரத்தத்துல வர்றதால ஒரே சமயத்துல பல எலும்பிலயும் வரலாம்.

திருமுக்கூடல் பெருமாள் கோயில்ல வீரராசேந்திர சோழன் (1063-1070) காலத்துக் கல்வெட்டு இருக்கு. வேதமும் இலக்கணமும் படிச்ச மாணவர்களுக்கு விடுதி, 15 படுக்கையோட ஆதுலசாலை, ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை பண்ண ஒருத்தர், மருந்துப் பட்டியல் எல்லாம் அதுல வருது. பெருமையான விஷயம் தான். ஆனா அந்த விடுதிப் பையன் ஒருத்தனுக்கு இது வந்திருந்தா? கீறி சீழை எடுத்திருக்கலாம். ரத்தத்துல ஓடற கிருமிய என்ன பண்றது? 1930கள்ல சல்ஃபா, 1940கள்ல பென்சிலின் வர்ற வரைக்கும் உலகம் பூரா இதே கதி தான்.

எங்க பையனுக்கு ஆபரேஷன், ஆறு வாரம் மருந்து. இப்போ ஓடறான்.

சோழர் காலத்துல எல்லாமே இருந்துச்சுன்னு எழுதற நண்பர்களே, படுக்கை இருந்துச்சு, அக்கறை இருந்துச்சு. இந்த மருந்து இல்ல. காய்ச்சலோட குழந்தை காலை ஊன மாட்டேன்னா, எண்ணெயைத் தேடாம டாக்டர்கிட்ட ஓடுங்க.