மயில்கொன்றையும் புழு வளர்த்த பெண்ணும்

அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு எலுமிச்சை துளிர்விட்டால் போதும், இரண்டு நாளில் தளிர்களில் கடுகளவு மஞ்சள் முட்டைகள் வந்துவிடும். அதிலிருந்து வரும் புழு முதலில் காக்கை எச்சம் போலிருக்கும், வளர்ந்ததும் இலைப்பச்சை. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும். தமிழில் இதற்கு எலுமிச்சை அழகி என்று பெயர். கறிவேப்பிலைக்கு வரும் இன்னொன்று கறிவேப்பிலை அழகி. ஆணாக இருந்தாலும் அழகிதான். மொழி அபூர்வமாகச் செய்யும் இந்த மாதிரித் தவறுகளை நான் திருத்துவதில்லை.

“புழு புடிச்ச கிளைய வெட்டிப் போடும்மா” என்பது என் மாமியாரின் கட்சி. என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதற்குள் புழுக்களைப் பாட்டிலுக்கு மாற்றி, வாய்க்கு மெல்லிய துணி கட்டியிருப்பார்கள். தினமும் புதுத் தளிர் வைக்க வேண்டும், எச்சத்தைத் துடைக்க வேண்டும், கூடு கட்ட ஒரு குச்சி சாய்த்து வைக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு இதையெல்லாம் செய்வது யார் என்று இந்த நூலை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “வேலையத்த வேலை” என்று உறவினர்கள் சொல்வார்கள். இந்த வேலையற்ற வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1660இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில், 13 வயதில், மரியா சிபில்லா மேரியன் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். சேற்றிலும் அழுகலிலும் பூச்சிகள் தாமாகப் பிறக்கின்றன என்று பலர் நம்பிய காலம் அது. புழு வளர்த்து வரைந்தவர்களில் மேரியன் முதல் ஆள் இல்லை. டச்சு ஓவியர் யான் கூடார்ட் 1660களிலேயே அப்படி நூல் வெளியிட்டார். மேரியன் கூடுதலாகக் கவனித்தது சாப்பாட்டை. எந்தப் புழு எந்த இலையைத் தின்னும், எத்தனை நாள் கூட்டில் கிடக்கும் என்று குறித்துவைத்து, முட்டை, புழு, கூடு, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் அந்தச் செடியிலேயே வரைந்தார். யாருக்கு என்ன பிடிக்கும், யார் எதைத் தொடமாட்டார்கள் என்று கணக்கு வைத்துச் சமைக்கும் பெண்களுக்கு இது புது அறிவாகத் தோன்றாது.

1665இல் திருமணம். யோஹன்னா ஹெலனா, டோரத்தியா மரியா என இரண்டு மகள்கள். குழந்தைகளுக்கும் சமையலுக்கும் நடுவில்தான் பெட்டிகளில் புழுக்கள் வளர்ந்தன. 1679இல் 50 ஓவியங்களோடு கம்பளிப்புழு நூல் வந்தது. அதன் தலைப்புப் பக்கத்தில் கணவரின் குடும்பப் பெயரும், ‘மேரியனின் மகள்’ என்ற குறிப்பும் இருந்தன. பின்னர் கணவரை விட்டு விலகி, மகள்களோடு நெதர்லாந்துக்குப் போய், 1691இல் ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். 1705இல் 60 ஓவியங்களுடன் அடுத்த பெரிய நூல் வந்தபோது பெயர் மரியா சிபில்லா மேரியன் மட்டுமே. இரண்டு தலைப்புப் பக்கங்களுக்கு நடுவே 26 வருடங்கள்.

அந்த இரண்டாவது நூல், தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சூரினாமின் பூச்சிகளைப் பற்றியது. 1699இல், 52 வயதில், கையிலிருந்த ஓவியங்களை விற்று, இளைய மகளோடு கப்பல் ஏறினார். இரண்டு வருடம் அங்கே தங்கி, நோய் தாக்கித் திரும்பினார்.

நூலின் 45ஆம் ஓவியத்தில் இருப்பது மயில்கொன்றை. அயனம்பாக்கத்தில் காம்பவுண்டுச் சுவர்களுக்கு மேல் சிவப்பும் மஞ்சளுமாக எட்டிப் பார்க்கும் அதே செடி. பூவுக்குப் பக்கத்தில் புழுவையும் அந்துப்பூச்சியையும் வரைந்த மேரியன், கீழே பூச்சியோடு நிறுத்தவில்லை. டச்சு எஜமானர்களிடம் வதைபட்ட பூர்வகுடிப் பெண்களும் ஆப்பிரிக்க அடிமைப் பெண்களும், தங்கள் பிள்ளைகள் அடிமைகளாகப் பிறக்கக் கூடாது என்று இதன் விதையைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்தினார்கள் என்றும், அதைத் தம்மிடம் நேரில் சொன்னார்கள் என்றும் எழுதினார். அந்த அழகான செடி ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போனது. அந்தப் பெண்களின் அறிவு போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டு லோண்டா ஷீபிங்கர் 2004இல் ஒரு நூலே எழுதினார்.

இதைத் தூர தேசத்துக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. சூரினாமை ஆண்டது வேறு கம்பெனி என்றாலும், இங்கே வடக்கே பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டியவர்களும் டச்சுக்காரர்கள்தான். பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய தமிழர்களை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கி, அதே 17ஆம் நூற்றாண்டில், பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அந்தக் கப்பல்களில் ஏறிய பெண்கள் எந்தச் செடியின் குணத்தை அறிந்திருந்தார்கள் என்று எழுதிவைக்க யாரும் உட்காரவில்லை.

மேரியனையும் தூக்கிப் பிடித்துவிட எனக்கு மனமில்லை. சூரினாம் காட்டில் அவருக்கு வழி வெட்டிக் கொடுத்தவர்கள் அடிமைகள். அவர்களைத் ‘தன்’ அடிமைகள் என்றே எழுதுகிறார். ஒரு பூர்வகுடிப் பெண்ணை ஆம்ஸ்டர்டாமுக்கும் அழைத்துவந்தார். செடிகளைப் பற்றியும் புழுக்களைப் பற்றியும் அந்தப் பெண் சொன்னவை நூலுக்குள் போயின. பெயர் போகவில்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் பாட்டிலில் ஒரு கூட்டிலிருந்து அழகிக்குப் பதில் குளவி வெளியே வந்தது. மகள் அழுதாள். புழுவுக்குள் குளவி முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று வளரும் என்று விளக்கிவிட்டு, மேரியனும் தன் கூடுகளிலிருந்து இப்படி ஈக்கள் வந்ததைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்றேன். உடனே நோட்டை எடுத்துத் தேதி போட்டாள்.

1717இல் ஆம்ஸ்டர்டாமில் மேரியன் இறந்தார். 1834இல் லான்ஸ்டவுன் கில்டிங் என்ற பாதிரியார், சூரினாமில் கால் வைக்காமலே, அவர் நூலைப் பிழைகள் மலிந்ததென்று கிழித்தார். பறவையைத் தின்னும் சிலந்தியை அவர் வரைந்ததையும் கற்பனை என்று பலர் சிரித்தார்கள். ஹென்றி வால்டர் பேட்ஸ், அமேசானில் அப்படியொரு சிலந்தியை நேரில் கண்டதாக 1863இல் எழுதிய பிறகுதான் அந்தச் சிரிப்பு அடங்கியது. 13 வயதில் தொடங்கிய கவனிப்புகளைச் சேர்த்துவைத்த குறிப்பேட்டை ரஷ்ய மன்னர் பீட்டருக்காக வாங்கிப் போனார்கள். அது இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. சூரினாமுக்கு உடன் போன மகள் டோரத்தியாவும் பிற்பாடு அதே ஊருக்குப் போய், செடிகளையும் பூச்சிகளையும் வரையும் வேலையில் சேர்ந்தார்.